சுட்டவர் பிடிபட்டாலும் கேள்வி தீரவில்லை

வணக்கம் நண்பரே. எதிர்க்கட்சித் தலைவரைச் சுட்டவர்கள் தண்டனை பெற்றுவிட்ட பிறகும் "அரசுக்குப் பங்குண்டு" என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி மொத்தமாக எழுதாதீர்கள். ஏவியது, உதவியது, தெரிந்தும் தடுக்காதது, பிறகு மூடி மறைத்தது எல்லாம் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். எதற்கு ஆதாரம் இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்.

பிரிட்டனில் தஞ்சம் புகுந்த முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி லித்வினென்கோவின் கொலை வழக்கைப் பாருங்கள். 2006 நவம்பரில் லண்டன் ஹோட்டலில் அவர் குடித்த தேநீரில் பொலோனியம்-210 என்ற கதிரியக்க நஞ்சு கலந்திருந்தது. அந்தக் கதிரியக்கத் தடம் தேநீர்க் குடுவையிலேயே சிக்கியது. கடைத்தெருவில் வாங்கக்கூடிய பொருளா அது? 2016இல் விசாரணை நீதிபதி ராபர்ட் ஓவன், புடின் "அநேகமாக" ஒப்புதல் தந்திருப்பார் என்றே எழுதினார். அந்த "அநேகமாக"வை விட்டுவிடாமல் மேற்கோள் காட்டுங்கள்.

ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நெம்த்சோவின் கொலை வழக்கு வேறு மாதிரி. 2015 பிப்ரவரியில் கிரெம்ளினுக்குப் பக்கத்துப் பாலத்தில் சுடப்பட்டார். 2017இல் ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஏவியவர் யார் என்பது மட்டும் நீதிமன்றத்தில் வெளிவரவே இல்லை. எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். குடும்பத்துக்கு அது பாதி நீதிகூட இல்லை.

யாருக்கு லாபம் என்பது சந்தேகத்துக்குக் காரணம் ஆகலாம், சான்று ஆகாது. உங்கள் வழக்கில் விசாரணை எப்படி நடந்தது என்று தோண்டுங்கள்: கேமரா பதிவு எங்கே போனது, பாதுகாப்பு எப்போது விலக்கப்பட்டது, விசாரணை அதிகாரி ஏன் மாற்றப்பட்டார். தீர்ப்பின் முழு நகலையும் வாங்கிப் படியுங்கள், செய்தித்தாள் சுருக்கம் போதாது.