பின்னால் வரும் குரல்

வணக்கம்.

உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் ஜாஸ் கேட்க ஆரம்பித்தேன். 2023ல் அமெரிக்க ஜாஸ் பாடகி சமாரா ஜாய்க்குச் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி கிடைத்தபோது அவரைக் கேட்கத் தோன்றியது. முறையாகத் தொடங்கலாமென்று 2021ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தை எடுத்தேன். ஏமாற்றம்தான். எல்லாமே பழைய பாட்டுகள். ஸ்கேட், அதாவது பொருளில்லாத அசைகளை வைத்துக் குரலால் வாசிப்பது, நிறைய இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. குரல் அப்படியே பழைய ஜாஸ் பாடகி சாரா வான் குரல். எல்லாவற்றையும்விட, பல இடங்களில் பாட்டு இழுக்கிறது. கிட்டார் முன்னால் போய்விடுகிறது, இவர் பின்னால் வந்து சேர்கிறார். வயது குறைவு என்று மன்னிக்கலாம், ஆனால் ஸ்டூடியோவில் இருந்த ஒருவர்கூடவா இதைத் திருத்தவில்லை? காலையில் நடக்கும்போது இரண்டு நாள் கேட்டேன், அதற்கு மேல் முடியவில்லை. என் கேள்வி இதுதான்: ஒரு பாடகர் தன் முதல் ஆல்பத்தில் சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லாமல் வரலாமா? அந்தக் கிராமி நியாயமானதுதானா?

கே.

*

அன்புள்ள கே.,

"பின்னால் வந்து சேர்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். சில வாரங்களாக நான் யோசித்துக்கொண்டிருந்ததே அதைப் பற்றித்தான்.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். ஸ்கேட் இல்லை என்பது ஒரு குறையே இல்லை. பெரிய ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே ஏறக்குறைய ஸ்கேட் பாடாமலேயே ஒரு வாழ்நாள் முழுக்கப் பாடிவிட்டுப் போனார். சாரா வான் போல இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டுமே. 2019ல் சாரா வான் பெயரில் நடக்கும் போட்டியில் வென்றுதான் சமாரா ஜாய் வெளியே தெரிந்தார். யாரைக் கேட்டு வளர்ந்தேன் என்பதை அவர் எங்கேயும் மறைத்ததில்லை. எல்லா (Ella) ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெரிய பாடகியும் தனக்கு முந்தைய பாடகி கான்னி பாஸ்வெல்லைப் போலப் பாட ஆசைப்பட்டுத்தான் ஆரம்பித்தார். யார் போலவும் இல்லாமல் இருபது வயதில் ஒருவர் பாடினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

சொந்தப் பாட்டு விஷயம். அமெரிக்காவில் ஸ்டாண்டர்டு என்று சொல்லும் பாட்டுகளில் பெரும்பகுதி 1920களிலிருந்து 1940கள் வரை நாடகங்களுக்கும் சினிமாவுக்கும் வேறு யாரோ எழுதிக் கொடுத்தவை. ஜாஸ் பாடகர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு தங்கள் வேலையைச் செய்தார்கள். மெட்டு எல்லோருக்கும் தெரிந்தது, அதில் இவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. பாடகி ஷெர்லி ஹார்னின் முதல் ஆல்பம் 1960ல் வந்தது. அதிலும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பாட்டுகள்தான். அதைக் கேட்ட டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், வாஷிங்டனில் இருந்த அவரை நியூயார்க்குக்கு வரவழைத்து, வில்லேஜ் வேன்கார்டு என்ற ஜாஸ் கிளப்பில் தன் நிகழ்ச்சிக்கு முன்னால் பாடவைத்தார். சொந்தப் பாட்டு எங்கே என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சமாரா ஜாயின் இரண்டாவது ஆல்பத்துக்குப் போனால், டிரம்பெட் கலைஞர் ஃபேட்ஸ் நவாரோ வாசித்த ஒரு சோலோவுக்கு அவரே சொற்கள் எழுதிப் பாடியிருப்பதைக் கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள், அவரும் அவசரப்படவில்லை.

சரி, இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரி நண்பன் ஒருவன் ஒரு கேசட் பதிவு செய்து கொடுத்தான். பில்லி ஹாலிடே 1930களின் கடைசியில் பாடிய பாட்டுகள், பலவற்றில் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன். பதிவிலிருந்து எடுத்த பதிவு, அதிலிருந்து எடுத்த இன்னொரு பதிவு என்பதால் குரலைச் சுற்றி ஒரே இரைச்சல். இரவில் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்பேன். விரல் விழுகிற இடத்தில் சொல் வராது. கொஞ்சம் கழித்து வரும். ஒரு பாட்டில் இல்லை, எல்லாப் பாட்டிலும் அப்படித்தான். டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாம் பழுது பார்ப்பார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து பார்த்தார், ஹெட்டைத் துடைத்தார், பெல்ட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். அப்புறம் என் கேசட்டையே போட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மேசையில் தட்ட ஆரம்பித்தார். பாட்டு முடிகிற வரை தட்டினார். ரிவைண்ட் செய்து இன்னொரு தடவை போட்டார்.

"தம்பி, பெல்ட் தளர்ந்தா எல்லாம் சேர்ந்துதான் இழுக்கும். அடியில போற கம்பி வாத்தியம் நேரா நடக்குது பாருங்க. இந்தம்மா மட்டும் பின்னாடி வர்றாங்க. வேணும்னேதான் வர்றாங்க."

அந்தப் பாட்டின் மொழி அவருக்குத் தெரியாது. பாடியது யார் என்பதும் தெரியாது. பில்லி ஹாலிடேயைப் பற்றி அதற்குப் பிறகு நான் எவ்வளவோ படித்திருக்கிறேன், எதுவும் இந்த அளவுக்கு என் காதைத் திறக்கவில்லை. கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மூன்று நாள் வைத்திருந்தார்.

நீங்களும் அன்றைக்கு நான் செய்ததைத்தான் செய்திருக்கிறீர்கள். ஒரு வித்தியாசம், நான் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன், நீங்கள் பாடுகிறவரைச் சந்தேகப்படுகிறீர்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பெரியவர் செய்த சோதனையைச் செய்யுங்கள். சமாரா ஜாயின் முதல் ஆல்பத்தில் பியானோவே கிடையாது. பாஸ்குவாலே கிராஸோவின் கிட்டார், ஆரி ரோலண்டின் பாஸ் (அந்தப் பெரியவர் சொன்ன அடியில் போகிற கம்பி வாத்தியம்), கென்னி வாஷிங்டனின் டிரம்ஸ், அவ்வளவுதான். வேகமில்லாத ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, குரலை விட்டுவிட்டு பாஸை மட்டும் பிடியுங்கள். அதனோடு விரலைத் தட்டுங்கள். பாடுகிறவர் தாளம் தெரியாமல் இழுத்தால் என்ன ஆகும்? வாசிக்கிறவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள், காலப்பிரமாணம் சரியும், பாட்டே மந்தமாகிவிடும். இந்த ஆல்பத்தில் பாஸ் யாருக்கும் காத்திருக்கவில்லை. உங்கள் விரல் நிதானமாக விழுந்துகொண்டே இருக்கும். குரல் மட்டும் விலகி நிற்கும்.

எவ்வளவு நேரம் விலகி நிற்கலாம்? இந்தப் பாட்டுகளில் பல 32 பார், அதாவது 32 தாளச் சுற்று, கொண்டவை. எட்டு எட்டாக நான்கு பகுதி. முதல் மெட்டு இரண்டு தடவை, பிறகு வேறொரு மெட்டு, கடைசியில் பழைய மெட்டே திரும்பும். ஒரு வரியைத் தாமதமாக எடுத்தவர் அந்தப் பகுதி முடிவதற்குள் நடுவில் சொற்களை நெருக்கியோ, ஒரு நீட்டலைக் குறைத்தோ வந்து சேர்ந்துவிட வேண்டும். அடுத்த பகுதி அவருக்காக நிற்காது. எடுத்த நேரத்தை அவர் எங்கே திருப்பிக் கொடுக்கிறார் என்று கவனியுங்கள். தாமதமாக வருவதைவிடக் கஷ்டம் அந்தத் திருப்பிக் கொடுப்பதுதான். அது சமாரா ஜாய்க்கு இருபத்தொரு வயதில் கைவந்திருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் ஜாஸில் ஆழமாக இறங்கியதே கல்லூரிக்குப் போன பிறகுதான். அதற்கு முன்னால் வீட்டில் இருந்தது காஸ்பல் என்ற தேவாலயப் பாட்டு. தாத்தாவும் பாட்டியும் ஃபிலடெல்ஃபியாவில் காஸ்பல் குழு நடத்தியவர்கள்.

ஏன் பின்னால் வர வேண்டும், நேராகவே பாடினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்லுக்காகத்தான். பீட் விழும்போதே சொல்லும் விழுந்தால் காதுக்கு ஒரு எண்ணிக்கை மாதிரிக் கேட்கும். அந்தப் பாட்டுகளில் இருப்பதெல்லாம் மனதைத் திறந்து சொல்கிற சொற்கள். உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன், நீ போய்விட்டாய், என்னால் முடியவில்லை. இதையெல்லாம் நேரில் ஒருவரிடம் சொல்லும்போது கடிகாரம் பார்த்தா சொல்கிறோம்? சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, அப்புறம்தானே வாய் திறக்கிறது? தாளம் தன் பாட்டுக்குப் போகிறது, சொல்ல வேண்டியதோ தொண்டையில் நிற்கிறது. பில்லி ஹாலிடேயின் குரல் எட்டும் எல்லை ஓர் ஆக்டேவுக்கு, நம் கணக்கில் ஒரு ஸ்தாயிக்கு, கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதற்குள் அவர் இவ்வளவு சொன்னது இந்தத் தயக்கத்தை வைத்துத்தான். சமாரா ஜாய்க்கோ மிகப் பெரிய குரல். ஏறி இறங்கி நம்மை வாயடைக்க வைக்கலாம். சில இடங்களில் அதைச் செய்யவும் செய்கிறார், அந்த இடங்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் அந்தக் குரலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பியானோ இல்லாததும் இதற்குத்தான் உதவுகிறது. பாடகி ஜூலி லண்டன் 1955ல் தன் முதல் ஆல்பத்தை வெறும் கிட்டாரும் பாஸும் வைத்துப் பாடினார். பக்கவாத்தியம் குறையக் குறையக் குரலுக்கு ஒளிந்துகொள்ள இடமிருக்காது. ஒரு சொல் அரை நொடி தள்ளி வந்தாலும் அப்பட்டமாகத் தெரியும். உங்களுக்கே தெரிந்திருக்கிறதே! உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, கே. இவ்வளவு நுட்பமான ஒன்றைக் கேட்டுவிட்டு, அதைப் பிழை என்று எழுதி அனுப்பியதுதான் எனக்குக் கோபம்.

இன்னொரு கோபமும் உண்டு. நடக்கும்போது கேட்டேன் என்கிறீர்கள். உங்கள் கால் ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, தாளத்தை விட்டு விலகிப் பாடுகிற குரலை எப்படிக் கேட்பீர்கள்? கால் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு இளம் பெண் தன் முதல் ஆல்பத்தை நம் முன்னால் வைத்திருக்கிறார். உட்கார்ந்து கேட்பது அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. முன்தீர்ப்போடு இரண்டு நாள் கேட்டுவிட்டு, ஸ்டூடியோவில் இருந்தவர்களுக்குக் காதில்லையா என்று கேட்பது சரியில்லை. கென்னி வாஷிங்டன் டிரம்ஸ் வாசிக்கும் அறையில் தாளப் பிழை ஒன்று யாருக்கும் தெரியாமல் போகுமா?

ஒரு மேசை, ஒரு நாற்காலி போதும். முதல் தடவை பாஸை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை கிட்டார். மூன்றாவது தடவை அவரைக் கேளுங்கள், விரலை நிறுத்தாமல். எந்தச் சொல்லில் அவர் உங்கள் விரலோடு வந்து சேர்ந்தார் என்று குறித்து அனுப்புங்கள். கிராமியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.