ஒளிந்து பின்னியது போதும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஐடி வேலை பார்க்கிறேன். ஊரடங்குக் காலத்தில் யூடியூப் பார்த்து, கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா பழகினேன். வெளிநாடுகளில் மரம், கம்பம், பாலம் எல்லாவற்றுக்கும் இரவோடு இரவாகப் பின்னலுறை போர்த்திவிட்டுப் போகிறார்கள். வைகைக் கரையில் நானும் அப்படிச் செய்ய ஆசை. கடை நூல் வாங்காமல் பழைய டி-ஷர்ட்டுகளைக் கீறி நூலாக்குகிறேன். பாட்டியின் சுங்குடிப் புடவை ஒன்றையும் வெட்டினேன், பிசிறடித்து வீணாகிவிட்டது. இது கலைதானா? மாநகராட்சியிடம் அனுமதி கேட்க வேண்டுமா? அம்மா 'வேலையத்த வேலை' என்கிறார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தோழிக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். பாட்டியின் சுங்குடியில் கத்திரி வைக்க எப்படி மனசு வந்தது? டி-ஷர்ட் என்பது பனியன் துணி, அதுவே ஒரு பின்னல். இரண்டு செ.மீ. அகலத்தில் கீறி இழுத்தால் ஓரம் தானே சுருண்டு கயிறாகிவிடும். புடவை நெய்த துணி, வெட்டினால் இழை கழன்றுகொண்டேதான் இருக்கும். வெட்டும் முன் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

அதன் புள்ளிகள் அச்சா முடிச்சா என்றாவது பார்த்தீர்களா? முடிச்சென்றால், துணியைக் கிள்ளி, நூல் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்திருப்பார்கள். இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. கட்டியவர்கள் பெரும்பாலும் சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள், அடுப்படி வேலைக்கு நடுவே. சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. முடிச்சுப் போட்டவளின் பெயர் எந்தப் புடவையிலும் இல்லை.

குரோஷாவின் கதையும் இதுதான். ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது, பனியனுக்கு இருக்கிறது, குரோஷாவுக்கு ஆலையில் ஓடும் மெஷின் இன்றுவரை இல்லை. தள்ளுபடியில் தொங்குகிற அசல் குரோஷா சட்டையும் எங்கோ ஒருத்தி ஊசியில் போட்டதுதான். ஆந்திராவின் நரசாப்பூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். மணிக்கணக்காக உட்கார்ந்து ஏற்றுமதிச் சரக்கைப் பின்னினார்கள். அவர்களை ஊரும் வீடும் சும்மா இருக்கும் இல்லத்தரசிகளாகவே பார்த்தன. கூலியும் அதற்கேற்ற கூலிதான். உங்கள் அம்மா புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

என் அத்தைக்குச் சிம்மக்கல் பக்கம் வீடு. கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் வகுப்பில் குரோஷா பழகியவர். தலையணை உறை ஓரம், பாவாடை லேஸ், ரேடியோ மேல் போடும் விரிப்பு எல்லாம் போடுவார். ஒரு கடைக்காரர் முழக்கணக்கில் வாங்கிக்கொள்வார். கண்ணி தளர்வாக இருக்கிறது என்று சொல்லி எப்போதும் காசைக் குறைப்பார். தளர்வா? அத்தை போட்டதில் ஊசி முனைகூட இறங்காது! அது போகட்டும். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், ஊசியும் நூலும் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விடும். பெண்டாட்டி சம்பாத்தியம் ஊருக்குத் தெரிந்தால் மாமாவுக்குக் கௌரவக் குறைவு. தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

அதனால்தான் உங்கள் 'இரவோடு இரவாக' எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. இந்த உறை போர்த்தும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்படும் மாக்டா சாயெக், 2005-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தன் கடைக் கதவுக் கைப்பிடிக்குத்தான் முதலில் உறை போட்டார். 2010-இல் ஒலெக் என்ற கலைஞர் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் காளைச் சிலைக்கே குரோஷா உடுப்பு மாட்டினார். சுவரில் படம் வரைந்துவிட்டு ஓடுகிறவர்களின் வழக்கம் அங்கே இதற்கும் ஒட்டிக்கொண்டது. நாம் ஏன் ஒளிய வேண்டும்? ஒளிந்து பின்னியது போதாதா?

மதுரையில் கைவேலை தெருவில் நடப்பது. புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மல்லிகை கட்டுகிறவர்கள் இன்னும் பிளாட்பாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த விரல் வேகத்தை வாய் பிளந்து பார்த்துவிட்டு முழத்துக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்கிறோம், அந்த வெட்கம் தனி. ஆனால் பார்க்கவாவது பார்க்கிறோம். நீங்களும் பகலில் போய் உட்காருங்கள். பஸ் ஸ்டாப்பில், டீக்கடைப் பெஞ்சில், எங்கே வேண்டுமானாலும். போகிறவர் வருகிறவர் கேட்பார்கள்: என்ன பின்றீங்க? எத்தனை நாளாச்சு? இதுக்கு என்ன கிடைக்கும்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். போர்த்தி முடித்த கம்பத்தைவிட எனக்கு அந்தப் பேச்சுதான் முக்கியம். அம்மாவையும் கூட்டிப் போங்கள். இரண்டு நாள் திட்டுவார், மூன்றாம் நாள் உங்கள் கண்ணியில் குறை சொல்ல ஆரம்பிப்பார்.

கலையா இல்லையா என்பதை விமர்சகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அனுமதிக்கு வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்கம்பம் வேண்டவே வேண்டாம். மரத்தை இறுக்கிச் சுற்றாதீர்கள், நனைந்த துணி பட்டையோடு ஒட்டிக் கிடந்தால் பூச்சி சேரும். ஐப்பசி மழைக்கு முன்னால் நீங்களே போய்க் கழற்றுங்கள், தூய்மைப் பணியாளர் தலையில் அதையும் கட்டாதீர்கள். கத்திரி தேவையில்லை. கடைசிக் கண்ணியை விடுவித்து இழுத்தால் உறை முழுவதும் நூலாக வந்துவிடும், துவைத்துக் காயவைத்தால் அடுத்ததற்கு ஆகும்.