புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! – ஹார்ன் வாசிப்பவர்களுக்கான கேள்வி பதில்

கே: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளி பேண்டில் பிரெஞ்ச் ஹார்ன் (சுருண்ட பித்தளை ஊதுகருவி) கொடுத்திருக்கிறார்கள். கூட என்னென்ன வாங்கணும் என்று கடையில் கேட்டால் பெரிய பட்டியலை நீட்டுகிறார்கள். எல்லாம் தேவையா? – வாசகி, டொராண்டோ

ப: தேவையே இல்லை. வால்வு எண்ணெய், ஸ்லைடு (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்) கிரீஸ், குழாய்க்குள் விட்டு இழுக்கிற வளையும் பிரஷ், பழைய பனியன் துணி, மடக்கு ஸ்டாண்டு, ஒரு பென்சில், அவ்வளவுதான். தாளம் காட்டும் மெட்ரோனோமும் சுருதி காட்டும் டியூனரும் போனிலேயே இலவசம். எண்ணெய் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். டிரம்பெட்டில் ஸ்வரம் மாற்றும் வால்வு மேலும் கீழும் போய்வரும், ஹார்னில் அது உள்ளே சுழலும், அதனால் பாட்டிலில் 'ரோட்டர்' (சுழலும் வால்வு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கூடவே கொஞ்சம் கெட்டியான பேரிங் எண்ணெய், ஊசிமூக்கு பாட்டிலில். வால்வு மூடியைத் திருகிக் கழற்றினால் நடுவில் அச்சு தெரியும், அங்கே ஒரு சொட்டு, விரலால் அழுத்தும் லீவர் பக்கத்து அச்சில் ஒரு சொட்டு.

உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ் இப்போதைக்குப் பள்ளி கொடுத்ததே போதும். அது சிக்கிக்கொண்டால் வீட்டில் யாரும் குறடு எடுக்க வேண்டாம், குழாய் முறுக்கிக்கொள்ளும். இழுத்தெடுக்கத் தனிக் கருவி உண்டு, பேண்டு ஆசிரியரிடம் இருக்கும். அப்புறம், பித்தளைதானே என்று பாட்டி புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்! மேலே லேக்கர் பூச்சு இருக்கும், ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

கே: எங்கள் சபை பேண்டில் இருக்கும் பழைய ஹார்னில் ஒரு வால்வை லீவரோடு இணைக்கும் நூல் அறுந்துவிட்டது. இங்கே கடைகளில் அந்த நூலும் இல்லை, ரோட்டர் எண்ணெயும் இல்லை. தேங்காய் எண்ணெய் விடலாமா? – வாசகர், நாகர்கோவில்

ப: ஐயா, தயவுசெய்து வேண்டாம். மாணவனாக இருந்தபோது நான் அதைத்தான் செய்தேன். பகலெல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடிய வால்வு, டிசம்பர் மாத விடியற்காலை ஆராதனையில் அசையவே இல்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும் என்று தலையில் தேய்க்கிற எனக்கே அப்போது தோன்றவில்லை. போகப்போகப் பிசுபிசுப்பும் ஏறும். எண்ணெயை ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், சின்ன பாட்டிலே பல மாதம் வரும்.

நூலுக்குக் கவலை வேண்டாம், கடலோரத்தில்தானே இருக்கிறீர்கள்! மீன்பிடி சாமான் கடையில் பின்னல் தூண்டில் நூல் கேளுங்கள். நைலான் நரம்பு வேண்டாம், அது இழுபடும், முடிச்சும் வழுக்கும். ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, லீவர் கையின் ஓட்டை வழியாக இழுத்து, ரோட்டரின் குமிழைச் சுற்றி எட்டு மாதிரி வளைத்து, குமிழில் உள்ள திருகுக்கு அடியில் கொடுத்து, மறுமுனையை லீவரின் திருகில் கட்டவேண்டும். எழுதினால் குழப்பமாகத்தான் இருக்கும். அதனால் நன்றாக இருக்கும் பக்கத்து வால்வைப் போனில் படமெடுத்து, அதைப் பார்த்தபடி செய்யுங்கள். லீவர்கள் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே திருகை இறுக்குங்கள். மிச்ச நூலைப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள், எப்போதும் கிளம்புகிற நேரத்தில்தான் அறுந்து தொலைக்கும்.

கே: அடுக்குமாடி வீடு. இரவில் வாசித்தால் பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டுகிறார். சத்தத்தைக் குறைக்கும் பிராக்டிஸ் மியூட் வாங்கலாமா? – வாசகர், சென்னை

ப: வாங்கலாம், ஆனால் தினமும் முழு நேரமும் அதை நம்பாதீர்கள். மியூட் ஹார்னின் அகன்ற வாயைக் கிட்டத்தட்ட அடைத்துவிடுவதால் காற்று எதிர்த்துத் தள்ளும், கீழ் ஸ்வரங்கள் நொண்டும், சுருதியும் நகரும். அதைவிடப் பெரிய நஷ்டம், வலது கைக்கு வேலையே இல்லாமல் போவது. ஹார்னில் அந்தக் கை வாய்க்குள் இருந்தபடிதான் சுருதியையும் நாதத்தையும் திருத்துகிறது, அதுவும் பழகியாக வேண்டிய பாடம்தானே. யமஹாவின் 'சைலண்ட் பிராஸ்' என்ற செட்டில் மியூட்டுக்குள் மைக் இருக்கும், இயர்போனில் கேட்கலாம். வசதி, ஆனால் விலை அதிகம். இரவில் இருபது நிமிடம் மியூட், மற்றது பகலில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு செலவில்லாத ஒன்று: ஹார்னின் வாய் பின்பக்கம் பார்க்கும். நீங்கள் மாமி வீட்டுச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் சத்தம் நேராக அங்கேதான் போகும். துணி தொங்கும் பீரோவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி உட்காருங்கள். புடவைகள் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும்.

கே: பத்து வயதுப் பையன் ஹார்ன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்குவதற்கு முன் ஆசை நிஜமா என்று பார்க்க வழி உண்டா? – வாசகி, கோவை

ப: உண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் அரை இஞ்சு குழாயில் பன்னிரண்டு அடி வெட்டுங்கள், எஃப் (F) சுருதி ஹார்னின் நீளம் கிட்டத்தட்ட அதுதான். ஒரு முனையில் ஹார்ன் மவுத்பீஸ், தளர்ந்தால் டேப் சுற்றுங்கள். மறுமுனையில் சமையலறைப் புனல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பெரிய ஹார்ன் கலைஞர் டென்னிஸ் பிரெய்ன் 1956-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த நகைச்சுவைக் கச்சேரியில் இப்படித் தோட்டக் குழாயில்தான் ஊதினார். பையன் ஒரு மாதம் அதை விடாமல் ஊதினால் ஹார்ன் வாங்கிக் கொடுங்கள். நடுவில் விட்டுவிட்டால் செடிக்குத் தண்ணீர் விட ஆகும்.