நோன்புக்கு முன் குறைய வேண்டிய தேநீர்

கேள்வி: என் அத்தாவுக்கு (தந்தைக்கு) 58 வயது. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். நாளொன்றுக்கு ஆறு முறை தேநீர் அருந்துகிறார். சென்ற ரமலானில் முதல் நான்கு நாள்களும் தலைவலியால் துடித்தார். ஒரு நாள் அஸர் (மாலைத் தொழுகை) நேரத்தில் வியர்த்துக் கை நடுங்கியபோதும் நோன்பை விட மறுத்துவிட்டார். இம்முறை ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்திலேயே அவருடைய உடலை எவ்வாறு தயார் செய்யலாம்?
- வாசகி, கம்பம்

பதில்: தாங்கள் குறிப்பிடும் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் வெவ்வேறு. தலைவலி பெரும்பாலும் தேநீரால் வந்தது. பழகிய உடலுக்குக் கஃபீன் திடீரென நின்றால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கிச் சில நாள்கள் நீடிக்கும். பசியால் வந்ததென்று எண்ணி ஸஹரில் (நோன்பு தொடங்குமுன் அதிகாலையில் உண்ணும் உணவில்) கூடுதலாகச் சாப்பிட்டுப் பயனில்லை. ஷஅபான் பிறந்ததும் மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு குவளை வீதம், முற்பகல், பிற்பகல் தேநீரை முதலில் நிறுத்துங்கள். மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகைக்கு)ப் பின் அருந்தும் ஒரு குவளை மட்டும் இருக்கட்டும். அதையும் பறித்தால் அத்தா தங்களோடு பேசமாட்டார்!

கை நடுங்கியதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது. அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாகவே தோன்றுகிறது. மெட்ஃபார்மினை மட்டும் சாப்பிடுவோருக்கு இது அரிது. கிளிமிபிரைடோ, உணவு வராத வேளையிலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் சிறுநீரகத்தின் நிலையையும் அறிந்து, அவர் நோன்பு நோற்கலாமா என்பதை முதலில் கேளுங்கள். நோற்கலாமென்றால் பெரும்பாலும் காலை வேளைக் கிளிமிபிரைடை நோன்பு திறக்கும் இஃப்தார் வேளைக்கு மாற்றுவார்கள், அளவையும் குறைக்கக்கூடும்; இதைத் தாங்களாகச் செய்துவிட வேண்டாம்.

மாத்திரை மாறிய பிறகு, மருத்துவர் இசைந்தால், திங்கள் அல்லது வியாழனில் ஒரு சுன்னத்தான (கட்டாயமில்லாத, நபிவழி) நோன்பு வைத்துப் பார்க்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷஅபானில் மிகுதியாக நோன்பு நோற்றார்கள் என்பதால் அத்தாவும் மனமுவந்து இசைவார். அன்று முற்பகலிலும், லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குப் பின்னும், அஸரிலும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். இதனால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ, மஃரிபுக்கு எத்தனை நிமிடம் இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கான சலுகை குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களிலேயே இருக்கிறது. களா செய்வதா (விட்ட நோன்பைப் பின்னர் நோற்பதா), ஃபித்யா கொடுப்பதா (அதற்கு ஈடாக ஏழைக்கு உணவளிப்பதா) என்பதை உள்ளூர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, ஸஹரைத் தவிர்க்காமல் நேரம் முடியும் தறுவாயில் சாப்பிடுவதும், இரவில் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகுவதும் போதும். பள்ளிவாசல் கஞ்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதிலேயே பச்சரிசி இருப்பதால், ஒரு கிண்ணத்தோடு நிறுத்தி, வடையையும் சமோசாவையும் அத்தாவின் தட்டுக்கு எட்டாமல் வையுங்கள்.