நாரியில் செல் துண்டு இருக்கிறது, யோகா வகுப்புக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறேன். சில வருடங்களாகச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. காலையில் கிளிக்ளசைட், மெற்போமின், லொசாட்டன் போடுகிறேன். இரவில் மெற்போமின் மட்டும். 2009இல் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டொன்று நாரிக்கு (இடுப்பின் பின்பக்கம்) கிட்ட இன்னும் இருக்கிறது. எடுக்கத் தேவையில்லை என்று அப்போது சொன்னார்கள். எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் காலை ஆறு மணிக்கு யோகா வகுப்புத் தொடங்குகிறது. வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். குனிந்து நிமிரும்போது துண்டு அசைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. எப்படி ஆயத்தமாவது?

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. சீனிக்கும் பிரஷருக்கும் உடலை அசைப்பது நல்லது. ஆனால் வகுப்புக்கு முன்னரே சில விஷயங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்தத் துண்டு. இத்தனை வருடம் உடலுக்குள் இருந்த துண்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகி வளர்ந்திருக்கும். சாதாரணமாகக் குனிந்து நிமிர்வதால் அது இடம் மாறிப் போவது மிக அரிது. தொந்தரவு தராத துண்டை எடுக்காமல் விடுவதும் சரியான முடிவுதான். அதைத் தேடி வெட்டுவதில் நரம்புக்கு வரக்கூடிய சேதம் பல நேரம் பெரிது. இருந்தாலும் அது முள்ளந்தண்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது தெரிய வேண்டும். பழைய எக்ஸ்ரே இருந்தால் அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் புதிதாக ஒன்று எடுக்கலாமா என்று கேளுங்கள். முள்ளந்தண்டை ஒட்டி இருக்கிறதென்றால் நாரியை முறுக்கும் ஆசனங்களையும் பின்பக்கம் வளைப்பதையும் விட்டுவிடுங்கள். மல்லாந்து படுக்கும்போது அந்த இடம் அழுத்தி நொந்தால் மடித்த துணியொன்றைப் பக்கத்தில் வைத்து, அதில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் விறைத்தால், பலம் குறைந்தால், சலம் போவது கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்கிறேன், இது யோகாவுக்கு அல்ல: எப்போதாவது எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால், உடம்பில் துண்டு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும்.

அடுத்தது வெறும் வயிறு. மற்றவர்களுக்கு அது சரி, உங்களுக்குச் சரியில்லை. கிளிக்ளசைட் சீனியை நன்றாக இறக்கும் குளிசை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஒரு மணித்தியாலம் உடலை வருத்தினால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். வகுப்பு நாளில் கிளிக்ளசைட்டையும் மெற்போமினையும் வகுப்பு முடிந்து வந்து காலைச் சாப்பாட்டோடு போடுங்கள். வந்த பிறகு அந்தச் சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாற்றத்தைக் கிளினிக் டொக்டரிடம் சொல்லிக் கொப்பியில் எழுதிக்கொள்வது நல்லது. லொசாட்டனை வழமையான நேரத்திலேயே போடலாம். இரவுச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். காலையில் பாதி வாழைப்பழமோ இரண்டு பிஸ்கற்றோ சாப்பிட்டு, கொஞ்சம் தண்ணீரும் குடித்துவிட்டுப் போங்கள். வீட்டில் மெசின் இருந்தால் சீனியைப் பாருங்கள். 100க்குக் கீழே என்றால் இன்னும் கொஞ்சம் சாப்பிட வேண்டும், 300க்கு மேலே என்றால் அன்றைக்கு வேண்டாம். பிரஷர் 180க்கு 110ஐத் தாண்டியிருந்தாலும் அப்படித்தான், அது இறங்கும்வரை போகாதீர்கள். பையில் சீனி கட்டாயம் இருக்கட்டும். கை நடுங்கி, வேர்த்து, நெஞ்சு படபடத்தால் உடனே இருந்துகொண்டு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்.

தலைகீழாக நிற்பது, மூச்சை அடக்கிப் பிடிப்பது, வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சை விடுவது, இவை மூன்றும் பிரஷர் உள்ளவருக்கு வேண்டாம். சீனி வருத்தம் கண்ணின் உள்திரையையும் பாதிக்கும். இந்த வருடம் கண் பரிசோதிக்கவில்லை என்றால் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை தலையைத் தாழ்த்தும் ஆசனங்கள் எதுவும் வேண்டாம். படுத்திருந்து எழும்பும்போது முதலில் ஒருபக்கம் சரிந்து, கொஞ்ச நேரம் இருந்து, அப்புறம் நில்லுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனத்தைச் சுவருக்குப் பக்கத்தில் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைசியில் கண்ணை மூடி அசையாமல் படுக்கும் சவாசனத்தில், வன்னியில் அந்தப் போர்க் காலத்தைக் கடந்து வந்த சிலருக்கு நெஞ்சு அடைக்கிறது, பழைய சத்தங்கள் வருகின்றன, வேர்த்து எழும்பிவிடுகிறார்கள். அது பலவீனமும் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. உங்களுக்கு அப்படி வந்தால் கண்ணைத் திறந்துகொண்டு சுவரில் சாய்ந்து இருங்கள், பாதங்களை நிலத்தில் நன்றாக ஊன்றுங்கள். வாசலுக்குக் கிட்ட இடம் பிடித்துக்கொண்டால் வெளியே வருவதும் எளிது. அடிக்கடி வந்தாலோ இரவு நித்திரையைக் கெடுத்தாலோ மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கதையுங்கள்.

முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போய் ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, துண்டு எங்கே இருக்கிறது, என்ன குளிசை போடுகிறீர்கள், எந்த ஆசனம் செய்யமாட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். "எல்லாரும் செய்கிறார்கள், நீங்களும் செய்யுங்கள்" என்று வற்புறுத்தினால் அந்த வகுப்பு உங்களுக்கு வேண்டாம். விரிப்பு வாங்க வேண்டியதில்லை, வழுக்காத பாயொன்று போதும். தளர்வான பஞ்சாபி போடுங்கள். மண்டபத்துக்கு வெளியே வெறுங்காலோடு நடக்காதீர்கள், வீடு திரும்பியதும் பாதங்களில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.