பழைய லேப்டாப்பை வீட்டு சர்வர் ஆக்கலாமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப் சும்மா கிடக்கிறது. குடும்பப் படங்கள், வீடியோக்கள் சேர்ந்து 600 ஜிபி இருக்கின்றன. இதை சர்வராக இரவும் பகலும் ஓட விடலாமா? கரன்ட் பில் எகிறுமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக விடலாம். சர்வர் என்பது மற்ற சாதனங்களுக்குப் படங்களையும் ஃபைல்களையும் தரும் கணினி, அவ்வளவுதான். திரை அணைந்த நிலையில் லேப்டாப்பும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து 15 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத ரீடிங்கில் அது சுமார் 22 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 86 யூனிட். ஸ்லாப் மாறிவிடக்கூடிய அளவு இது. ஆகவே லேப்டாப்தான் சரி.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். டச்பேட் லேசாக மேலெழும்பி இருந்தாலோ, மேஜையில் வைத்தால் அடிப்பக்கம் ஆடினாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அதை அழுத்தாமல், குத்தாமல் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டுங்கள். நல்ல பேட்டரி என்றால் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சார்ஜ் அளவை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். எப்போதும் 100 சதவீதத்தில் சூடாக இருப்பதுதான் பேட்டரியை உப்ப வைக்கிறது. இதே காரணத்துக்காக டிவி அலமாரிக்குள் அடைத்தும் வைக்காதீர்கள்.

எஸ்எஸ்டியில் டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்), அதன் மேல் ஓபன்மீடியாவால்ட் (சேமிப்பு சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) போதும். டெஸ்க்டாப் சூழல் (ஐகான், விண்டோ உள்ள திரை) வேண்டாம். மூடியை மூடியதும் லேப்டாப் தூங்கிவிடும். அதைத் தடுக்க லாகின்டி அமைப்புக் கோப்பில் (logind.conf) ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் (HandleLidSwitch) என்ற வரியை 'இக்னோர்' (ignore) என்று மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

600 ஜிபிக்கு இந்த எஸ்எஸ்டி போதாது, வெளி டிஸ்க் வேண்டும். அதை வாங்கும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 3.5 அங்குல வெளி டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர். கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் 2.5 அங்குல டிஸ்க்தான் பாதுகாப்பு. அதை எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் அமைப்பு) ஆக ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதால், படங்கள் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கில் இதைச் செய்துவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல், கண்ணுக்குத் தெரியாமல் வருவது. ஏதோ ஒரு நாள் ரீஸ்டார்ட்டில் யூஎஸ்பி டிஸ்க் மவுன்ட் ஆகாமல், அதாவது சர்வரோடு இணையாமல், போகும். சர்வர் அதை அறியாமல், அதே பெயருள்ள வெற்று ஃபோல்டரில் எழுதத் தொடங்கும். அந்த ஃபோல்டர் இருப்பது எஸ்எஸ்டியில். 256 ஜிபி நிரம்பியதும் சர்வரே முடங்கும். டிஸ்க்கை எஸ்டிபி, எஸ்டிசி (sdb, sdc) என்ற மாறக்கூடிய பெயரால் அல்லாமல் யூயூஐடியால் (டிஸ்க்கின் மாறாத தனி அடையாள எண்) மவுன்ட் செய்யுங்கள். மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெற்று ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டியும் வையுங்கள்.

கேள்வி: சர்வருக்கு ஃபைல் அனுப்பினால் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. டிஸ்க் பழுதா? – வாசகி, சேலம்

பதில்: 11 என்ற எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. 100 மெகாபிட் இணைப்பின் உச்சம் அதுதான். எங்கோ ஓரிடத்தில் இணைப்பு கிகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கியிருக்கிறது. கிகாபிட்டுக்கு கேபிளின் எட்டு கம்பிகளும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். ஆகவே மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு போகாது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகும். கேபிளின் ஆர்ஜே45 முனையைக் கிள்ளிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள், அல்லது ரெடிமேட் கேட்6 கேபிள் மாற்றிப் பாருங்கள். அப்போதும் 11 என்றால் ரவுட்டரைப் பாருங்கள். ஃபைபர் இணைப்போடு தரும் சில ரவுட்டர்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட். சர்வர் மற்ற போர்ட்டில் இருக்கலாம். சரியானதும் 110 எம்பி வரும். 600 ஜிபியை நகர்த்த 15 மணி நேரம் ஆனது ஒன்றரை மணி நேரத்தில் முடியும்.

கேள்வி: சர்வரில் ஜெல்லிஃபின் (படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்) போட்டிருக்கிறேன். சில படங்கள் அருமையாக ஓடுகின்றன. 4கே படம் போட்டால் நின்று நின்று ஓடுகிறது, சிபியு 100 சதவீதம். – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: படம் ஓடும்போதே ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். நேரடியாக ஓடுகிறதா, டிரான்ஸ்கோட் ஆகிறதா (டிவிக்கு ஏற்ற வடிவத்துக்குச் சர்வர் உடனுக்குடன் மாற்றுகிறதா), ஆகிறதென்றால் ஏன் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். காரணத்தைப் படிக்காமல் புது சிபியு வாங்க ஓட வேண்டாம்.

'ஆடியோ ஆதரவில்லை' என்றிருந்தால் கவலை இல்லை. டிவிக்கு டிடிஎஸ் என்ற ஒலி வடிவம் தெரியாமல் இருக்கும், ஒலியை மட்டும் மாற்றுவது சிறு வேலை. 'சப்டைட்டில்' என்றிருந்தால் அதுதான் பெரும்பாலும் குற்றவாளி. ப்ளூரேவிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். அதைக் காட்டத் தெரியாத டிவிக்காக ஒவ்வொரு ஃபிரேமிலும் பதித்து முழு வீடியோவையும் திரும்ப உருவாக்க வேண்டியிருக்கிறது. எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி சப்டைட்டிலுக்கு மாறினால் சிக்கல் தீரும். தமிழ் எஸ்ஆர்டியில் எழுத்து குழம்பினால் ஃபைலை யூடிஎஃப்-8 (UTF-8) ஆகச் சேமியுங்கள். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் சர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு நிறுவுங்கள்.

'வீடியோ கோடெக்' (வீடியோவைச் சுருக்கும் முறை) என்றிருந்தால், பிரவுசரில் பார்ப்பதை விட்டுவிட்டு டிவிக்கான ஜெல்லிஃபின் ஆப்பில் பாருங்கள். அதிலும் டிரான்ஸ்கோட் ஆனால் இன்டெல் குயிக் சிங்கை (இந்த வேலையை சிபியுவிடமிருந்து கிராஃபிக்ஸ் பகுதிக்கு மாற்றும் வசதி) இயக்குங்கள். 10 பிட் எச்.265 என்ற கோடெக்கை முழுமையாகக் கையாள்வது ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் முதல்தான். இயக்கியும் சிபியு 100-லேயே நின்றால், பெரும்பாலும் ஜெல்லிஃபின் பயனருக்கு 'ரெண்டர்' குழுவில் (கிராஃபிக்ஸைப் பயன்படுத்தும் உரிமை) அனுமதி இல்லை. டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள், அதாவது கன்டெய்னரில், ஓட்டும் கருவி) ஓட்டினால் கிராஃபிக்ஸ் சாதனத்தை கன்டெய்னருக்குள் தரவில்லை என்று பொருள்.

கேள்வி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வீட்டு சர்வரில் உள்ள படங்களை அவள் பார்க்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பும் அமைப்பு) செய்தேன், வேலை செய்யவில்லை. – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ரவுட்டர் பக்கத்தில் வான் (WAN) ஐபி முகவரியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (CGNAT) பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் ரவுட்டர் வாசல் தெரியாது. போர்ட் ஃபார்வர்டிங் அங்கே ஒருபோதும் வேலை செய்யாது.

சர்வரிலும் மகளின் போனிலும் டெயில்ஸ்கேல் (இரண்டையும் இணையம் வழியே தனி வலையமைப்பில் இணைக்கும் மென்பொருள்) நிறுவுங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. சர்வரின் டெயில்ஸ்கேல் முகவரியோடு 8096 என்ற போர்ட்டைச் சேர்த்தால் ஜெல்லிஃபின் திறக்கும். அங்கே ஓடும் வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டு அப்லோட் வேகம் என்பதால், ஜெல்லிஃபினில் வெளி இணைப்புகளுக்கான வேக வரம்பை 8 மெகாபிட் என்று வையுங்கள்.

பொது ஐபி கிடைத்தாலும் விண்டோஸ் ஷேரிங்குக்கான 445 போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்) உலகெங்கும் பரவியது இந்த வழியாகத்தான்.

கேள்வி: இரண்டு 4 டிபி டிஸ்க்கை ரெய்ட் 1-ல் (இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும் அமைப்பு) போட்டிருக்கிறேன். இனி பேக்கப் தேவையில்லைதானே? – வாசகர், ஈரோடு

பதில்: தேவை, கண்டிப்பாகத் தேவை. ரெய்ட் 1 ஒரு டிஸ்க் செத்தால் சர்வரை நிற்காமல் ஓட்டும், அவ்வளவுதான். பேரன் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ரான்சம்வேர் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். மின்னல் அடித்தால் இரண்டும் ஒரே சுவிட்ச்போர்டில்தான் இருக்கின்றன.

ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் ரெய்டைக் கலைத்துவிடுங்கள். ஆனால் கலைப்பதற்கு முன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டிஸ்க் சர்வரில் இருக்கட்டும். இன்னொன்றை வாரம் ஒருமுறை செருகி, ரெஸ்டிக் போன்ற கருவியால் பழைய பதிப்புகளோடு நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டு தொலைந்தால் நகலைத் திறக்க வழியே இல்லை. தாளில் எழுதி டிஸ்க்கோடு சேராமல் வேறிடத்தில் வையுங்கள். படங்கள் மட்டும் மூன்றாவது நகலாகத் தம்பி வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். சினிமா போனால் திரும்பக் கிடைக்கும், அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ கிடைக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலிலிருந்து ஒரு வீடியோவை எடுத்து முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் பட்டியல்) 199-ஆம் வரியின் எண் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க் மாற்றணுமா? – வாசகர், விருதுநகர்

பதில்: அவசரப்பட வேண்டாம். 199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு பிசகிய எண்ணிக்கை. பெரும்பாலும் காரணம் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான், அதை மாற்றுங்கள். பழைய எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது. 5, 197, 198 ஆகிய வரிகளில் பூஜ்யம் மாறி எண் ஏறத் தொடங்கினால்தான் டிஸ்க்கின் தட்டிலேயே கோளாறு. அன்றே நகல் எடுத்துவிட்டுப் புது டிஸ்க் வாங்குங்கள்.