தாத்தாவின் வெள்ளியும் அம்மாவின் புளியும்

கேள்வி: எனக்கு வயது 36. அம்மாவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் விட்டுப்போன மைலோ டின்னில் சுமார் நாற்பது பழைய காசுகள் இருந்தன. ஏழாம் எட்வர்டு தலை போட்ட பெரிய வெள்ளிக் காசு இரண்டு, மற்றவை பெரும்பாலும் சதுர ஒரு சென் காசுகள். அவற்றைப் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய காசுக் கடைக்குக் கொண்டுபோனேன். "கறுப்பா கொண்டுபோனா உன்னை யாருய்யா மதிப்பாங்க" என்று அம்மா முதல் நாள் இரவு உட்கார்ந்து வெள்ளிக் காசு இரண்டையும் கொஞ்சம் சென் காசுகளையும் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். கடைக்காரர் காந்தம் வைத்துப் பார்த்தார், தராசில் போட்டார், திருட்டுப் பொருள் கொண்டுவந்தவன் மாதிரி என்னை நடத்தினார். பிறகு நாலு பேர் முன்னால், "எந்த மடையன் இதைக் கழுவினான்?" என்று கத்தினார். இணையத்தில் நான் பார்த்த விலையில் கால்வாசிகூடத் தர மாட்டாராம். வீட்டுக்கு வந்து அம்மாவையும் சத்தம் போட்டுவிட்டேன், நாலு நாளாகப் பேச்சு இல்லை. அது வேறு விஷயம். மரியாதை தெரியாத இந்த மாதிரி வியாபாரிகளை என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, அது எப்படி வேறு விஷயம் ஆகும்?

கடைக்காரரைப் பற்றி வரிவரியாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் சத்தம் போட்டதற்கு ஒரே ஒரு வரி. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். அம்மா எதற்காகப் புளியைக் கரைத்தார்? விலை ஏறட்டும் என்றா? தன் பிள்ளை கடையில் அழுக்குக் காசை நீட்டிக்கொண்டு கூச்சத்தோடு நிற்கக் கூடாது என்று. குத்துவிளக்கையும் பித்தளைச் செம்பையும் ஆயுசு முழுக்கப் புளி போட்டு விளக்கிய கை அது. ஒரு பொருளுக்கு மரியாதை செய்ய அந்தக் கைக்குத் தெரிந்த வழி அதுதான். 'மடையன்' என்ற சொல் உங்களை எப்படிச் சுட்டது! அதே சொல்லைக் கடல் தாண்டிச் சுமந்துவந்து பெற்றவள் தலையில் கொட்டியிருக்கிறீர்கள். இந்த நாலு நாளும் யார் சமைத்த சோறு தம்பி?

கடைக்காரர் கத்தியது தப்பு. கழுவிய காசோடு வந்து நின்றவர் நீங்கள் நூறாவது ஆளாகக்கூட இருக்கலாம், அவருக்கு அலுத்திருக்கும். உங்களுக்கு அது முதல் தடவை. கல்லாவில் உட்காருகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். "இனிமேல் கழுவாதீங்க, ஐயா" என்று இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும்.

ஆனால் தராசைப் பார்த்தும் காந்தத்தைப் பார்த்தும் ரோஷப்பட்டீர்களே, அதை நான் ஏற்க மாட்டேன். மலேசியாவில் நாம் இன்னமும் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறோம், வெள்ளிக் காசு கையில் புழங்கிய காலத்துச் சொல் அது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரை ஆண்ட ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்ற அரசு தன் சொந்த ஒரு வெள்ளிக் காசை முதலில் வெளியிட்டது 1903-ல். எடை 26.95 கிராம். பிறகு வெள்ளி உலோகத்தின் விலை ஏறி, காசாகச் செலவழிப்பதைவிட உருக்கினால் லாபம் என்ற நிலை வந்தது. அதனால் 1907-ல் காசைச் சிறிதாக்கி எடையை 20.21 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் எட்வர்டு தலைதான், எது எது என்று தராசுதான் சொல்லும். போலிகளும் நிறைய. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, இரும்பு கலந்த போலி ஒட்டும். யார் கொண்டுவந்தாலும் அவர் இப்படித்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். தராசில் போடாமல் விலை சொல்கிற கடையில்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

விலை குறைந்ததும் அவர் இஷ்டத்துக்கு இல்லை. வெள்ளியின் மேல் படிகிற கறுப்பு, காற்றில் உள்ள கந்தகம் பல வருஷமாகச் சேர்ந்து உண்டாக்கிய படலம். சேகரிப்பவர்கள் அதை அழுக்காகப் பார்ப்பதில்லை, காசின் வயதுக்குச் சாட்சியாகப் பார்க்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்தால் அது போய்விடும், தேய்த்த தேய்ப்பில் விழுந்த கீறல் லென்ஸில் பளிச்சென்று தெரியும். திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. இணையத்தில் நீங்கள் பார்த்தது விற்கிறவர் கேட்கும் விலையாக இருக்கும், யாரோ கொடுத்துவிட்டுப் போன விலை அல்ல. கடை வாடகையும் அவர் லாபமும் போகத்தான் உங்களுக்கு. பிடிக்கவில்லை என்றால், "நன்றி, யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்து வேறு இரண்டு கடையில் கேட்டிருக்கலாம். அவர் உங்களுக்காகச் செலவழித்த நேரத்துக்குக் கட்டணம் எதுவும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. தாத்தாவின் காசு என்று எழுதுகிறீர்கள். அம்மாவுக்கு அது அப்பாவின் காசு. விடியாத இருட்டில் எழுந்து பால்மரம் வெட்டப் போனவர், இரண்டு வெள்ளியைச் செலவழிக்காமல் டின்னில் போட்டு வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா வைத்திருப்பார்? விற்கச் சம்மதமா என்று அம்மாவைக் கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. பெற்றவர் வழியாக வந்த பொருளை விற்கும்போது பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்று இரவே அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். மன்னிப்பைக் கேட்டுவிட்டு, இந்தக் காசு தாத்தா கைக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். விற்கலாம் என்று அவர் சொன்னால், அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். கழுவியது யார் என்று அங்கே யாராவது கேட்டால், "நாங்கள்தான்" என்று சொல்லுங்கள்.

டின்னில் மிச்சம் இருக்கும் சதுரக் காசுகளை இனி யாரும் தேய்க்க வேண்டாம். முகத்தில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து எடுத்து, காகித உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். உறையின் மேல் தாத்தாவின் பெயரை அம்மா எழுதட்டும்.